சேர்வராயன் மலைச் சரிவில் ஆடு மேய்க்க எண்ணிக்கை வரம்பு வைக்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: "இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பாதுகாக்கப்பட்ட மலைப்பகுதியில் ஆடுகளைக் குறைக்கச் சொல்லி அரசு அமைப்பே எழுதியிருக்கிறது. நம் சேர்வராயன் மலையிலும் ஏக்கருக்கு இத்தனை ஆடு என்று வரம்பு வைத்தால் காடு தப்பிக்குமா, இல்லை மொத்தமாகத் தடை போடுவதுதான் வழியா?" கூடவே குப்பனூர் பக்கத்துச் சரிவு ஒன்றின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். முன்னால் மொட்டைத் தரை, அதில் முப்பது நாற்பது செம்மறி, பின்னால் பச்சைப் புதர். கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது போலத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன்: அந்த மொட்டைக்கு ஆடுதான் காரணமா, அப்படியானால் அதை யார், எப்படிக் கட்டுப்படுத்துவது? அப்படி எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி சேலம் மாவட்டத்தில், அதிலும் பாதிக்கு மேல் இந்த மலையின் அடிவார ஊர்களில். ஆட்டின் வாய், வயிறு, குளம்பு பற்றிச் சொல்வது படித்தும் பார்த்தும் தெரிந்தது. புல், செடி பற்றிச் சொல்வது மேய்ப்பவர்களோடு நடந்து கற்றது, அளந்து எழுதியதல்ல. தாவரவியல் படித்தவர் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

முதலில் எந்த ஆடு என்று பார்க்க வேண்டும். டார்ட்மூர் செய்தியில் வருவது செம்மறி. நாம் பொதுவாக 'ஆடு' என்றால் செம்மறியும் அதில் உண்டு, வெள்ளாடும் உண்டு. இரண்டும் காட்டில் செய்யும் வேலை வேறு வேறு. செம்மறி தலையைக் குனிந்தே மேயும். மேலுதடு பிளந்திருப்பதால் புல்லைத் தரையோடு ஒட்டக் கடிக்கும். வெள்ளாடு தலையைத் தூக்கித் தேடும், பின்னங்காலில் நின்று கிளையை வளைத்துத் தழை தின்னும். புல் தூர் தேய்ந்து போயிருந்தால் செம்மறியைச் சந்தேகப்படலாம். மரக்கன்று தலையெடுக்காமல் முழங்கால் உயரத்திலேயே குட்டையாக நின்றால் வெள்ளாட்டைச் சந்தேகப்படலாம். சேலத்தின் பேர் சொல்லும் செம்மறி மேச்சேரி இனம்: இளம் பழுப்பு நிறம், கொம்பு இல்லை, கம்பளி இல்லாத குட்டை முடி, தோலுக்குப் பேர் போனது. பொட்டனேரியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இது வறண்ட சமவெளிக்கு ஏற்ற ஆடு. ஆண்டுக்கு சுமார் 1,500 மி.மீ. மழை பெய்யும் ஏற்காட்டுக்கு இதை ஏற்றினால் ஈரத்தில் குளம்பு அழுகும், குடற்புழு பிடிக்கும். அதனால் மேலே நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்களின் வெள்ளாடும் மாடும்தான். காப்பித் தோட்டக்காரர்கள் ஆட்டை வேலிக்குள் விடுவதே இல்லை. ஆகவே செம்மறிப் பிரச்சினை என்று ஒன்று இருந்தால் அது மலை உச்சியின் பிரச்சினை அல்ல, அடிவாரச் சரிவுகளின் பிரச்சினை. இந்தப் பக்கம் குப்பனூர், அயோத்தியாப்பட்டணம், அந்தப் பக்கம் டேனிஷ்பேட்டை, காடையாம்பட்டி.

சட்டத்தில் சில விஷயங்கள் தெளிவாகவே இருக்கின்றன. சேர்வராயன் மலை சரணாலயமும் அல்ல, தேசியப் பூங்காவும் அல்ல. அங்கே இருப்பவை காப்புக்காடுகள், தனியார் தோட்டங்கள், பட்டா நிலங்கள், வருவாய்த் துறைப் புறம்போக்குகள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால்நடை மேய்ப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டத்தில் 'கால்நடை' என்றால் ஆடும் குட்டியும் சேர்த்திதான். அதாவது நீங்கள் கேட்கும் தடை, ஏட்டில் 140 வருடமாக இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டப்படி தேசியப் பூங்காவில் மேய்ச்சல் அறவே கூடாது. சரணாலயத்தில் தலைமை வன உயிரினக் காப்பாளர் அதை ஒழுங்குபடுத்தலாம், தடுக்கவும் செய்யலாம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலைத் தடை செய்து உத்தரவிட்டது. பிறகு அதே மாதத்திலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கித் திருத்தியது. முதல் உத்தரவை மட்டும் பத்திரிகையில் படித்துவிட்டு இன்றும் பேசுகிறவர்கள் நிறையப் பேர். மறுபக்கம் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 3(1)(டி) பிரிவு, தங்கி மேய்ப்பவர்களுக்கும் இடம் மாறி மேய்ப்பவர்களுக்கும் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஒப்புக்கொள்கிறது. ஆக, மலை மக்களின் ஆட்டைப் பொறுத்தவரை 'தடை' என்ற ஒற்றைச் சொல்லால் விஷயம் முடியாது.

இனி எண்ணிக்கை. வளர்ந்த மேச்சேரிப் பெட்டை ஆடு ஒன்று இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ இருக்கும். உடல் எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு உலர் தீவனம் தின்னும் என்று கணக்கு. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பச்சைப் புல்லாக என்றால் மூன்று, நான்கு கிலோ. ஐம்பது ஆட்டுக்கு தினமும் 150 முதல் 200 கிலோ பச்சைப் புல் வேண்டும். ஐப்பசியில் ஒரு சரிவு இதைத் தாராளமாகக் கொடுக்கும். பங்குனியில் அதே சரிவில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. மழை பொய்த்த வருடத்தில் ஐப்பசியே பங்குனி மாதிரி இருக்கும். 2016 வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனதே, அந்த வருடம் எந்த எண்ணை வைத்திருந்தாலும் அது தப்பாகத்தான் இருந்திருக்கும். புல் சாவதற்குக் காரணம் ஒரு தடவை கடிபடுவது அல்ல. மழைக்குப் பின் வரும் முதல் துளிரைப் புல் தன் வேரில் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் விடுகிறது. அந்தத் துளிரை வாரம் ஒருமுறை கடித்துக்கொண்டே இருந்தால் வேர் சுருங்கிக்கொண்டே போகும், விதை கட்டவும் நேரம் கிடைக்காது. ஐம்பது ஆடு பத்து நாள் மேய்ந்துவிட்டு இரண்டு மாதம் திரும்பி வராமல் இருந்தால் புல் பிழைத்துக்கொள்ளும். பத்து ஆடு வருடம் பூராவும் அதே இடத்தில் நின்றால் பிழைக்காது.

அப்படியானால் இங்கிலாந்தில் ஏன் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? இங்கேதான் நீங்கள் படித்த செய்தி முழுக் கதையையும் சொல்லவில்லை. டார்ட்மூர் 1951இல் தேசியப் பூங்காவானது. 'தேசியப் பூங்கா' என்ற பெயரைப் பார்த்து முதுமலை போல நினைத்துவிடக் கூடாது. அங்கே விவசாயிகள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பொது மேய்ச்சல் நிலத்தில் பரம்பரை உரிமை உண்டு. இன்ன பண்ணைக்கு இத்தனை ஆடு, இத்தனை மாடு என்று 1965 சட்டப்படி எண்ணோடு பதிவு செய்திருக்கிறார்கள். 1985இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, அந்த உரிமைக்காரர்கள் முக்கிய அங்கம் வகிக்கும் மன்றம் ஒன்றையும் அமைத்தார்கள். ஆடுகள் மேய்ப்பவர் இல்லாமல் தாமாகவே திரியும். தாய் மேய்ந்த பக்கத்தையே குட்டியும் பழகி, வேலி இல்லாமலே அங்கேயே நிற்கும். ஆட்டின் பின்னால் ஆள் போகாத ஊரில் அரசு எதைக் கட்டுப்படுத்த முடியும்? எண்ணிக்கையையும், எந்த மாதம் மேலே ஏற்றலாம் என்பதையும்தான். அதற்கும் பணம் கொடுத்தே செய்கிறார்கள். விவசாயி சுற்றுச்சூழல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஆட்டைக் குறைப்பதற்கு வருடா வருடம் தொகை வாங்குகிறார். இதே அரசாங்கம் முன்பு தலைக்கு இவ்வளவு என்று ஆட்டுக்கு மானியம் கொடுத்து எண்ணிக்கையை ஏற்றிவிட்டதும், 2005 வாக்கில் அதை நிறுத்தியதும் தனிக் கதை.

2023இல் குறைக்கச் சொல்லிக் கடிதம் போனதும் பெரிய தகராறாகி, டேவிட் ஃபர்ஸ்டன் என்பவர் தலைமையில் தனி ஆய்வு வைத்தார்கள். அந்த டிசம்பரில் வந்த அறிக்கை, ஆடு அதிகம் என்ற ஒரே வரியோடு நிற்கவில்லை. குளிர்காலத்தில் செம்மறி ஹெதர் என்ற புதர்ச்செடியைக் கடித்தே தீர்க்கிறது, அது உண்மை. ஆனால் மோலினியா என்ற முரட்டுப் புல்லைச் செம்மறி விரும்புவதில்லை. அது மண்டிப் பரவுகிறது. அதை மிதித்துத் தின்ன கோடையில் மாடும் மட்டக்குதிரையும் போதுமான அளவு இல்லை. ஒரே மலையில் ஒரு செடிக்கு மேய்ச்சல் கூடிப்போச்சு, இன்னொன்றுக்குக் குறைஞ்சுபோச்சு. எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் இரண்டாவது நோய் முற்றும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் உண்ணிச்செடிதான் நினைவுக்கு வந்தது. உங்கள் படத்தில் பின்னால் பச்சையாகத் தெரியும் புதர் அதுதான் என்று நினைக்கிறேன். கால்நடை தொடாத செடியைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. ஆடாதொடை என்றும் ஆடுதீண்டாப்பாளை என்றும் ஆட்டை வைத்தே பெயர் வைத்தவர்கள் நாம். உண்ணிச்செடி அந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்த வெளிநாட்டுச் செடி. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வேறு தீவனம் இருக்கும்வரை ஆடு அதை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். பஞ்சத்தில் வேறு வழியில்லாமல் தின்றால் காமாலை வரும், வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும். 2017 கோடையில் காது வீங்கி, கண் மஞ்சளாகி வந்த ஆடுகளை நிழலில் கட்டிக் கரித்தூள் கரைத்து ஊற்றியதை மறக்க முடியாது. பாதிக்குப் பாதி பிழைக்கவில்லை. சுற்றியுள்ள புல்லை ஆடு ஒட்ட மேய, போட்டியில்லாமல் உண்ணிச்செடி விரிகிறது. கோடையில் காட்டுத் தீ வந்தால் அது எரிந்து, மழைக்கு அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. அது மண்டிய இடத்தில் புல் இல்லை, ஆகவே மிச்சமிருக்கும் புல்வெளியில் ஆட்டுக் கூட்டம் இன்னும் நெருங்குகிறது. இந்தச் சுழலில் ஆடு பாதிக் குற்றவாளி, பாதி பலி. இப்போது ஆட்டை மட்டும் வெளியேற்றினால் உண்ணிச்செடி தானாகப் போய்விடுமா? நான் பார்த்த இடங்களில் போகவில்லை. ஆள் வைத்து வேரோடு பிடுங்கிய இடத்தில்தான் புல் திரும்பி வந்தது.

முழுத் தடை எப்படி முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே அனுபவம் இருக்கிறது. ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலை நிறுத்தினார்கள். போராட்டம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி எல்லாம் நடந்தது. அப்புறம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருடம் ஆய்வு செய்து, எருமை போனபின் நீர்ப்புல் மண்டிப் பறவைகளுக்கான நீர்ப்பரப்பு அடைபட்டதைச் சொன்னது. அது தண்ணீர்க்காடு, இது மலை. ஒன்றை அப்படியே இன்னொன்றுக்குப் பொருத்த மாட்டேன். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு இதைவிட நெருக்கமான உதாரணம். அங்கே செம்மறி, வெள்ளாட்டு மேய்ச்சலை 1980களில் நிறுத்தியபின் ஒரு களைச்செடி பரவியது. தடையால்தான் பரவியதா, மண்சரிவு போன்ற வேறு காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதனால் அதைச் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன்.

சரி, செம்மறி ஏன் சரிவில் ஏறுகிறது? ஆட்டுக்கு மலை மேல் ஆசை எதுவும் இல்லை. முன்பு தை முதல் சித்திரை வரை அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று நிலத்துக்காரர் பணமோ தானியமோ கொடுப்பார், அவருக்குப் புழுக்கை உரம், ஆட்டுக்குத் தாள். காடு காய்ந்து கிடக்கும் அதே மாதங்களில் மந்தை கீழே இருக்கும். மரவள்ளி அந்த நிலங்களைப் பிடித்தபின் வயல் ஒன்பது பத்து மாதம் காலியாவதில்லை. மரவள்ளித் தழையை ஆடு மேய்ந்தால் சயனைடு நஞ்சு வேறு. அரை மணி நேரத்தில் வயிறு உப்பி விழுந்த ஆடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் ஆடுமாடு மேய விட்ட பொது நிலம், கணக்கில் இருக்கும், தரையில் கட்டடம் இருக்கும். ஊர்ப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் மீட்ட புறம்போக்கை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அதே 2011இல்தான் நிலமில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடு கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. நல்ல திட்டம், பல பெண்களைக் கடனிலிருந்து மீட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் நிலம் இல்லை என்பதே தகுதி என்றால், அந்த நான்கு ஆடும் எங்கே மேயும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். ஒரு கை ஆட்டைக் கொடுக்கிறது, இன்னொரு கை அதைப் பிடித்துப் பவுண்டில், அதாவது பிடிபட்ட கால்நடையை அடைக்கும் கொட்டிலில், அடைக்கிறது.

இதையெல்லாம் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன், இது கருத்துதான். நம்மிடம் டார்ட்மூரில் இல்லாத ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு மந்தையின் பின்னாலும் கோலும் தூக்குச்சட்டியுமாக ஓர் ஆள் போகிறார். ஆகவே இங்கே எண்ணிக்கையைவிட இடத்தையும் காலத்தையும் கட்டுப்படுத்துவது எளிது. டேனிஷ்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர் ஊர்க்கரட்டின் ஒரு முகத்தை ஆடியிலிருந்து ஐப்பசி முடிய யாரையும் மேய விடமாட்டார். அது அவர் நிலமும் அல்ல. ஏன் என்று கேட்டேன். "ஏனுங்க டாக்டரு, கொழுக்கட்டைப் புல்லு கதிரு புடிச்சு வெதை கொட்டோணும்ல, அப்பறம் தின்னா என்ன, மிதிச்சா என்ன?" என்றார். கார்த்திகையில் திறந்துவிட்டால் மாசி வரை தீவனம் வந்தது. ஒரு எண்ணைக்கூட அவர் சொல்லவில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் சொந்த மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி போட்டு, வெள்வேல் மர நிழலில், பட்டி மாற்றிப் பட்டி மேய்ப்பதும் இதே யோசனைதான். அங்கே சொந்த நிலம், இங்கே பொது நிலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே சரிவை நான்கைந்து துண்டாகப் பிரித்து, புல் விதை கட்டும்வரை பாதியை மூடி வைப்பது; தீ பட்ட இடத்தைக் குறைந்தது ஒரு முழு மழைக்காலம் யாரும் தொடாமல் விடுவது; செங்குத்தான ஓடைக்கரைகளுக்கும் மரக்கன்று எழும் இடங்களுக்கும் வெள்ளாட்டை விடவே கூடாது என்பது. இவை மூன்றும் போதும் என்று சொல்லவில்லை, இவை இல்லாமல் வேறெதுவும் பலிக்காது என்கிறேன். தீயை யார் வைத்தார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, எரிந்த தரையில் வரும் இளந்துளிருக்கு மந்தை ஓடும் என்பது மட்டும் தெரியும். இந்த விதிகளை ரேஞ்சர் ஒருவர் நோட்டீஸ் ஒட்டிச் செய்ய முடியாது. வனக்காப்பாளர் ஒருவர் பார்க்க வேண்டிய பரப்பு எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். வன உரிமைச் சட்டப்படி கிராம சபைக்கு இந்த அதிகாரம் உண்டு. சமூக உரிமை கோருவதற்கான பி படிவத்தில் மேய்ச்சல் உரிமையைக் கேட்டு வாங்கினால், 5ஆம் பிரிவின்படி காட்டைக் கெடுப்பதை நிறுத்தும் பொறுப்பும் கூடவே வரும். மலையாளி ஊர்களுக்கு இது நேரான வழி. அடிவாரத்துச் செம்மறிக்காரர்களில் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி இருந்ததைக் காட்ட வேண்டியிருப்பதால் பலருக்கு அது நடக்காது. அவர்களுக்குக் கீழேயே தீவனம் வேண்டும்: வேலிமசால், அகத்தி, கோ-4 தீவனப்புல், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பியை அளவாகச் சேர்ப்பது. பட்டியில் கட்டி வளர்ப்பது எல்லோராலும் முடியும் என்று பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். தண்ணீரும் அரை ஏக்கராவது நிலமும் உள்ளவருக்கே அது கட்டுப்படியாகும். கொங்கணாபுரம் சந்தை விலையை வைத்துப் போட்ட கணக்கு இது.

ஒரு விஷயத்தில் வனத்துறையின் கண்டிப்பை முழுதாக ஆதரிக்கிறேன். காட்டெருமை இறங்கும் ஓடைகளுக்கு மந்தையைக் கொண்டுபோகவே கூடாது. கோமாரி நோய் மாட்டுக்கும் ஆட்டுக்கும் காட்டெருமைக்கும் பொது. ஆட்டில் அது பெரிதாக வெளியே தெரியாது, பரப்பும். சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் கால்நடைக்குத் தடுப்பூசி போட வனவிலங்குச் சட்டமே சொல்கிறது. இங்கே சரணாலயம் இல்லை என்பதற்காக அந்த வேலை வேண்டாம் என்று ஆகிவிடாது.

உங்கள் படத்துக்கு வருகிறேன். தரையின் நிறத்தைப் பார்த்தால் மாசி அல்லது பங்குனியில் எடுத்தது போல இருக்கிறது. அந்த மாதத்தில் ஆடே போகாத சரிவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஐப்பசியில் இரண்டு மழைக்குப் பின் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள். புல் தூர் உயிரோடு இருக்கிறதா, இல்லை சரளைக்கல் மட்டும்தானா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.